நாட்டுத் தொண்டர் கோகலே

நாட்டுப்பற்று என்னும் சொல் எல்லார்க்கும் இனிய சொல்லாகும். ஆயினும் அதன் பொருள் யாது என வினவின், எல்லாரும் ஒரே விடை கூறுவதில்லை. அயலார் ஆட்சியை எதிர்த்துச் சிறை புகுதலே நாட்டுப்பற்று என்பார் சிலர். நாட்டு மக்களிடையே வேரூன்றிய சாதி வேற்றுமை, பெண்ணடிமை முதலிய தீமைகளைக் களைதலே நாட்டுப்பற்று என்பார் வேறு சிலர். முன்னோர் வகுத்த மரபினை வழுவாது காத்தலே அஃது என்பாரும் உளர். ஏழை மக்களுக்குக் கல்வியும் உணவும் கிடைக்கச் செய்தலே அஃது என்பாரும் உளர். இக்கருத்துகள் ஒவ்வொன்றிலும் உண்மை உண்டு. ஆனால் தம் கருத்தோடு மாறுபட்டவரை நாட்டுப்பற்று இல்லாதவர் என்று பழிக்கும் வழக்கமும் உலகில் உண்டு. அத்தகைய பழியைப் பலகால் ஏற்றும், தாம் கொண்ட நெறியினின்று விலகாது உழைத்து, மாறுபட்டவரும் போற்றும்படி மறைந்த பெரியார் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவரே கோபால கிருஷ்ண கோகலே ஆவார்.

இளமைப் பருவம்

மராட்டிய நாட்டில் மேலைக் கடலை ஒட்டிய நிலப்பகுதி கொங்கணம் எனப்படும். அப்பகுதியில் இரத்தினகிரி மாவட்டத்தைச் சேர்ந்த கோட்லுக் என்னும் சிற்றூரில், 1866ஆம் ஆண்டு மே திங்கள் 9ஆம் நாள் கோகலே பிறந்தார். அவர்தம் தந்தையார் கிருஷ்ணராவ் என்பவர், கோல்காப்பூருக்கு அணித்தாயுள்ள காகல் என்னும் ஊரில் சிறு பணி ஒன்றில் அமர்ந்திருந்தார். அக்குடும்பத்தில் மானம் இருந்த அளவுக்குச் செல்வம் இல்லை.

1879ஆம் ஆண்டில் தந்தையார் இறந்தார். அப்போது கோகலேக்கு வயது 13. குடும்பச் சுமை முழுவதும் தமையனார் கோவிந்தராவின் தோளில் வீழ்ந்தது. அவர் தம் படிப்பை நிறுத்திவிட்டு, திங்களுக்கு 15 ரூபாய் ஊதியமுள்ள வேலை ஒன்றில் அமர்ந்தார். அந்தப் பதினைந்தில் 8 ரூபாயைத் தம்பியின் படிப்புக்கென அனுப்பி, எஞ்சிய 7 ரூபாயைக்கொண்டு குடும்பத்தை நடத்தினார். தமையனார் தம் கல்வியை இழந்தே தமக்குக் கல்வியளித்தார் என்பதனைத் தம்பி ஒருநாளும் மறந்திலர். வேண்டாச் செலவு ஒரு காசும் செய்யாமல், நூல்களையே துணையாகக் கொண்டு அவர் கற்றார். பம்பாயில் உள்ள எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று, 1884ஆம் ஆண்டில், தம் பதினெட்டாம் வயதிலேயே பி.ஏ. பட்டம் பெற்றார்.

ஆசிரியப் பணி

அக்காலத்தில் பட்டம் பெற்றவர் மிகச் சிலரே. அவர்களை அரசாங்கப் பதவிகள் வருக வருக என்று அழைத்தன. வழக்கறிஞராயினார் பெரும் பொருள் ஈட்டினர். வறுமையில் வளர்ந்த கோகலே அவ்வழிகளை நாடியிருப்பின், உலகம் அவரைக் குறை கூறியிராது. அவரோ பூனா நகரில் தக்காணக் கல்விக் கழகத்தார் நடத்திய பள்ளியில் ஆசிரியராய் அமர்ந்தார். நாட்டு மக்களுக்கு நாட்டினரே கல்வி அளித்தல் வேண்டும் என்னும் எண்ணத்தால் தோன்றியது அக்கழகம். பாலகங்காதர திலகரும், கோபால கணேச அகர்க்கரும் அதன் தூண்களாய் விளங்கினர். 1885ஆம் ஆண்டில் அக்கழகத்தார் பெர்குசன் கல்லூரியைத் தொடங்கினர்.

அக்கழகத்தின் வாழ்நாள் உறுப்பினர் ஒவ்வொருவரும் இருபது ஆண்டுக்காலம் அங்கேயே உழைப்பதென உறுதி கூறல் வேண்டும். அவர்கள் பெறும் ஊதியம் திங்களுக்கு 75 ரூபாய். கோகலே அவ்வுறுதியை மேற்கொண்டார். ஆங்கிலம், கணிதம், வரலாறு, பொருளியல் எனப் பல பாடங்களைக் கற்பித்தார். மாணவர்க்கென அவர் எழுதிய கணித நூல் பள்ளிகள் பலவற்றில் பாடமாயிற்று. விடுமுறை வந்தால் ஏனையோர் இளைப்பாறுவர். இவரோ ஊர் ஊராகச் சென்று கல்லூரிக்குப் பொருள் திரட்டுவார். பிறர் வாயிலில் நின்று பொருள் கேட்கும் அப்பணியில் சிலர் கொடுத்தனர், சிலர் இகழ்ந்தனர். இரண்டையும் ஒன்றாக ஏற்கும் பொறுமையை அவர் அங்கே கற்றார்.

குருவும் மாணவரும்

பூனாவில் அந்நாளில் மகாதேவ கோவிந்த ரானடே என்னும் பேரறிஞர் வாழ்ந்தார். அவர் நீதிபதியாய் இருந்து புகழ் பெற்றவர். நாட்டின் வறுமை, தொழில், நிலவரி, சமூகச் சீர்திருத்தம் ஆகியவற்றை ஆழ ஆராய்ந்தவர். கோகலே அவரைத் தம் குருவாகக் கொண்டு, அவர் மறைந்த 1901ஆம் ஆண்டு வரை அவரிடம் பயின்றார்.

ரானடே அளித்த பயிற்சி கடுமையானது. அரசாங்கம் வெளியிடும் கணக்குகளையும் அறிக்கைகளையும் வரிவிடாது படித்தல் வேண்டும். ஓர் எண்ணைக் கூறின், அஃது எங்கிருந்து வந்தது என்று காட்டல் வேண்டும். சான்று இல்லாத சொல் ஒன்றும் எழுதுதல் கூடாது. நாட்டின் மீதுள்ள அன்பு மெய்யாயின், நாட்டைப் பற்றிய உண்மைகளை அறியும் உழைப்பும் அதனுடன் சேர்தல் வேண்டும் என்பதே அவர் கற்பித்த பாடம். அப்பாடம் கோகலேயின் உள்ளத்தில் கல்மேல் எழுத்தாய்ப் பதிந்தது.

இருவேறு நெறிகள்

கோகலேயும் திலகரும் ஒரே கழகத்தில் பணியாற்றியவர்கள். கல்வியிலும் தன்னலமின்மையிலும் ஒத்தவர்கள். ஆயினும் நாட்டுக்கு முதலில் வேண்டுவது யாது என்பதில் அவர்கள் கருத்து வேறுபட்டது.

1891ஆம் ஆண்டில், திருமணமான சிறுமியர்க்குக் காப்பளிக்கும் வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தும் சட்டம் ஒன்றனை அரசாங்கம் கொணர்ந்தது. ரானடே, அகர்க்கர், கோகலே ஆகியோர் அச்சட்டத்தை வரவேற்றனர். மக்களுள் ஒரு பாதியாகிய பெண்கள் இடுக்கணில் இருக்க, நாடு உயர்தல் இயலாது என்பது அவர்கள் கருத்து. திலகர் அச்சட்டத்தை எதிர்த்தார். நம் வழக்கங்களைத் திருத்தும் உரிமை அயலார்க்கு இல்லை. ஆட்சி முதலில் நம் கைக்கு வரல் வேண்டும். பின்னர் நம் வீட்டை நாமே செப்பஞ் செய்துகொள்ளலாம் என்பது அவர் கருத்து. ஒருவர் நாட்டின் உரிமையைக் கண்டார். மற்றவர் நாட்டில் வாழும் சிறுமியைக் கண்டார். இருவரும் நாட்டை நேசித்தவர்களே. ஆயினும் அவர்தம் அன்பர்கள் ஒருவரையொருவர் கடுஞ்சொற்களால் தாக்கினர். பூனா நகரின் பொது வாழ்வு இரு கூறாகப் பிரிந்தது.

வாய்மைக்கு வந்த சோதனை

1897ஆம் ஆண்டில், இந்திய அரசாங்கத்தின் செலவுகளை ஆராய்வதற்கென வெல்பி பிரபுவின் தலைமையில் ஒரு குழு லண்டனில் கூடியது. அதன் முன் சான்று கூறுவதற்கு இந்தியாவிலிருந்து சிலர் சென்றனர். சென்னையிலிருந்து சென்ற சுதேசமித்திரன் ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயரும், முப்பது வயதே நிரம்பிய கோகலேயும் அவருள் இருவர். மக்களின் வரிப்பணம் படைக்கும் உயர் அலுவலர்க்கும் எவ்வாறு செலவிடப்படுகிறது என்பதனைக் கோகலே எண்களால் எடுத்துக் காட்டினார். குழுவினர் கேட்ட குறுக்கு வினாக்களுக்கு அவர் அஞ்சாது விடையளித்தார். அச்செயலால் அவர் புகழ் பரவியது.

அப்புகழ் நிலைப்பதற்குள் ஒரு பெருந்துன்பம் நேர்ந்தது. அவ்வாண்டு பூனாவில் கொள்ளைநோய் பரவியது. நோயுற்றவரைத் தேடிப் படைவீரர்கள் வீடுகளுள் புகுந்தனர். அவர்கள் முறைதவறி நடந்தனர் என்றும், பெண்கள் மானம் இழந்தனர் என்றும் பூனாவிலிருந்த நண்பர்கள் சிலர் லண்டனில் இருந்த கோகலேக்கு மடல் எழுதினர். நண்பர்தம் சொல்லை நம்பிய கோகலே, அச்செய்தியை மாஞ்செஸ்டர் கார்டியன் என்னும் நாளிதழின் வாயிலாக வெளியிட்டார். ஆங்கில நாடு அதிர்ந்தது. அதற்குள், ஜூன் திங்கள் 22ஆம் நாள், பூனாவில் கொள்ளைநோய்த் தடுப்புக்குத் தலைவராய் இருந்த ராண்டு என்னும் அலுவலர் சுடப்பட்டார். சினங்கொண்ட அரசாங்கத்தார், கோகலே கூறிய குற்றத்துக்குச் சான்று எங்கே என்று கேட்டனர்.

கோகலே தாயகம் திரும்பினார். மடல் எழுதியவரை நாடினார். அவர்களுள் ஒருவரும் வெளிப்பட்டுச் சான்று கூற முன்வரவில்லை. அடக்குமுறை மிகுந்திருந்த காலம் அஃது. அவர்கள் அஞ்சியதில் வியப்பில்லை. கோகலேயின் முன் மூன்று வழிகள் இருந்தன. நண்பர்களின் பெயரை வெளியிட்டுத் தாம் தப்பித்துக்கொள்ளலாம். அவ்வாறு செய்யின் அவர்கள் இடருறுவர். சான்று இல்லையேனும் சொன்ன சொல்லையே வற்புறுத்தலாம். அவ்வாறு செய்யின் நாட்டு மக்கள் வீரர் என்று போற்றுவர். மெய்ப்பிக்க இயலாத குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றுப் பொறுத்தருளும்படி கேட்கலாம். அவ்வாறு செய்யின் சொந்த நாட்டினரே தூற்றுவர். கோகலே மூன்றாம் வழியைத் தேர்ந்தார். ஆளுநரிடமும் படைவீரரிடமும் தம் பிழை பொறுக்குமாறு வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். நண்பர் எவருடைய பெயரையும் அவர் வெளியிடவில்லை.

அவர் எதிர்பார்த்தவாறே பழி மழைபோலப் பொழிந்தது. கோழை என்றும், நாட்டின் மானத்தைக் காற்றில் பறக்கவிட்டவர் என்றும் இதழ்கள் எழுதின. அதே ஆண்டில் திலகர் தம் எழுத்துக்காக அரச நிந்தனைக் குற்றம் சாட்டப்பெற்றுப் பதினெட்டுத் திங்கள் சிறைத்தண்டனை ஏற்றார். சிறை சென்றவர் ஒருபுறமும், பொறுத்தருள வேண்டியவர் மறுபுறமும் நிற்க, மக்கள் இருவரையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். அவ்வொப்பீட்டில் கோகலே தாழ்ந்தவராகவே தோன்றினார். பெண்களுக்கு நேர்ந்த கொடுமை பொய்யன்று. அதனை மெய்ப்பிக்க இயலாமையே உண்மை என்று கருதியவர் பலர். கோகலே இன்னும் உறுதியாய் நின்றிருத்தல் வேண்டும் என்று கூறுவோர் பின்னாளிலும் இருந்தனர். எனினும், பெரும்புகழையும் நண்பர் நலத்தையும் துலாக்கோலில் இட்டபோது, புகழை இழக்க அவர் துணிந்தார் என்பதனை எவரும் மறுத்தல் இயலாது.

பழித்தவர்க்கு அவர் விடை கூறிக்கொண்டிருக்கவில்லை. கொள்ளைநோய் மீண்டும் தலைகாட்டியபோது தொண்டர்களைத் திரட்டிக்கொண்டு, நோயுற்றோர் இருக்கும் தெருக்களில் புகுந்து பணியாற்றினார். ஊரார் விட்டு ஓடிய இடத்தில் அவர் நின்றார்.

சட்டமன்றத்தில் ஆற்றிய தொண்டு

மக்கள் மெல்ல மெல்ல அவர் தகுதியை மீண்டும் உணர்ந்தனர். 1899ஆம் ஆண்டில் அவர் பம்பாய்ச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். பின்னர் இந்தியத் தலைமைச் சட்டமன்றத்தில் இடம் பெற்றார். அம்மன்றத்தில் அரசாங்க அலுவலரே பெரும்பாலர். அங்கே எந்தத் தீர்மானத்தையும் வாக்குகளால் வெல்லுதல் அரிது. அறிவையும் சான்றையுமே படைக்கலமாகக் கொண்டு கோகலே அங்கே போராடினார்.

1902ஆம் ஆண்டு மார்ச் திங்கள் 26ஆம் நாள் அவர் வரவு செலவுத் திட்டத்தின்மீது பேசினார். செலவு போக மிகுந்த பொருள் கருவூலத்தில் உள்ளது என்று அரசாங்கத்தார் மகிழ்ந்து கூறியிருந்தனர். கொடிய பஞ்சங்களால் மக்கள் மடிந்து சில ஆண்டுகளே கழிந்திருந்த காலம் அஃது. மக்கள் வறுமையுறக் கருவூலம் நிறைதல், வரி மிகுதியாய் வாங்கப்படுவதனைக் காட்டுமேயன்றி நாட்டின் வளத்தைக் காட்டாது என்று கோகலே தெளிவுறுத்தினார். உப்பு வரியைக் குறைக்குமாறு வேண்டினார். கூழ் குடிப்பவனுக்கும் உப்பு வேண்டுமாதலின், அவ்வரி ஏழையையே மிக வருத்தியது. அவரும் பிறரும் ஆண்டுதோறும் இடைவிடாது வற்புறுத்தியதன் பயனாக, மணங்கு ஒன்றுக்கு இரண்டரை ரூபாயாய் இருந்த உப்பு வரி 1903இல் 2 ரூபாயாகவும், 1905இல் ஒன்றரை ரூபாயாகவும், 1907இல் 1 ரூபாயாகவும் குறைந்தது. ஆரவாரம் இல்லாத இவ்வெற்றி, கோடிக்கணக்கான அடுப்பங்கரைகளை எட்டியது.

இந்திய ஊழியர் சங்கம்

நாட்டுத் தொண்டு ஓய்வு நேரத்தில் செய்யும் பணியாய் இருத்தல் போதாது. துறவிகள் இறைவனுக்குத் தம்மை ஒப்படைத்தல்போல, நாட்டுக்குத் தம்மை ஒப்படைக்கும் கூட்டம் ஒன்று வேண்டும் என்று கோகலே எண்ணினார். 1905ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 12ஆம் நாள், பூனாவில் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். அதில் சேர்வோர் ஏழு உறுதிகளை மேற்கொண்டனர். எண்ணத்தில் நாட்டுக்கே முதலிடம் தருதல், தன்னலம் கருதாமை, சாதி சமய வேறுபாடு கருதாது இந்தியர் அனைவரையும் உடன்பிறந்தாராய் எண்ணுதல், சங்கம் அளிக்கும் ஊதியத்தோடு அமைதல், தூய வாழ்க்கை நடத்துதல், எவரோடும் பூசல் கொள்ளாமை, சங்கத்தின் நோக்கத்தைக் காத்தல் என்பன அவை.

அச்சங்கத்தில் தமிழ்நாட்டார் ஒருவரும் சேர்ந்து புகழ் பெற்றார். சென்னைத் திருவல்லிக்கேணியில் தலைமையாசிரியராய் இருந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் தம் பதவியைத் துறந்து, 1907ஆம் ஆண்டில் அச்சங்கத்தில் சேர்ந்தார். கோகலேக்குப் பின் அதன் தலைவராய் விளங்கியவர் அவரே.

1905ஆம் ஆண்டின் இறுதியில் காசியில் கூடிய காங்கிரசு மாநாட்டுக்குக் கோகலே தலைமை தாங்கினார். அப்போது அவருக்கு வயது 39. அவ்வாண்டில் வங்காளம் இரண்டாகப் பிரிக்கப்பட்டமையால் நாடெங்கும் கொதிப்பு மிகுந்திருந்தது. கோகலே அப்பிரிவினையைக் கண்டித்தார். சுதேசி இயக்கத்தைப் போற்றினார். ஆயினும் சட்டத்துக்கு உட்பட்ட வழியில், படிப்படியாகத் தன்னாட்சி பெறுதலே தக்கது என்று அவர் கருதினார். கேட்டுப் பெறுதல் பயனற்றது. மக்களின் ஆற்றலைத் திரட்டிப் போராடல் வேண்டும் என்று திலகர் கருதினார். 1907ஆம் ஆண்டில் சூரத்து மாநாட்டில் காங்கிரசு இரண்டாய்ப் பிளந்தது. கோகலே சார்ந்த பிரிவினர் மிதவாதியர் என்றும், திலகர் சார்ந்தோர் தீவிரவாதியர் என்றும் அழைக்கப்பெற்றனர். இளைஞர் பலர்க்குக் கோகலேயின் நெறி வேகமற்றதாய்த் தோன்றியது. ஆங்கில அலுவலர்க்கோ அவர் இனிய மொழியில் ஆட்சியை அசைப்பவராய்த் தோன்றினார். இங்ஙனம் ஒரு சாராரால் அடிவருடி என்றும், மறு சாராரால் ஐயத்துக்குரியவர் என்றும் கருதப்படுதல் நடுநிலையாளர்க்கு நேரும் இடுக்கண் ஆகும்.

கல்விச் சட்டம்

ஏழைச் சிறுவர்க்கெல்லாம் எழுத்தறிவு வேண்டும் என்பது கோகலேயின் தீராத வேட்கை. 7 ரூபாயில் குடும்பத்தை நடத்திய தமையனாரைப் பெற்றமையால் தாம் கற்றார். அத்தகைய தமையனைப் பெறாத சிறுவர் எத்துணைக் கோடியர்! 1911ஆம் ஆண்டு மார்ச் திங்களில் தொடக்கக் கல்விச் சட்ட முன்வரைவு ஒன்றனை அவர் சட்டமன்றத்தில் கொணர்ந்தார். 6 முதல் 10 வயது வரையுள்ள சிறுவர்க்குக் கட்டாயக் கல்வி அளிக்கும் உரிமையை நகராட்சிகளுக்கும் மாவட்ட மன்றங்களுக்கும் வழங்குதல் அதன் நோக்கம். திங்களுக்கு 10 ரூபாய்க்கும் குறைந்த வருவாய் உடையவரின் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்குதல் கூடாது என்றும் அதில் கூறியிருந்தார்.

அரசாங்கத்தார் செலவைக் காட்டி எதிர்த்தனர். செல்வமும் நிலமும் உடைய இந்தியர் சிலரும் அவர்களோடு சேர்ந்து எதிர்த்தனர். 1912ஆம் ஆண்டு மார்ச்சில் வாக்கெடுப்பு நடந்தபோது ஆதரவாக 13 பேரும், எதிராக 38 பேரும் வாக்களித்தனர். முன்வரைவு வீழ்ந்தது. தோல்வி உறுதி என்பதனைக் கோகலே முன்னரே அறிவார். தம் தலைமுறையினர் தோல்விகளின் வாயிலாகவே நாட்டுக்குத் தொண்டாற்றல் வேண்டும். வெற்றி பின்வருவோர்க்கு உரியது என்று அவர் அமைதி கொண்டார். அவர் விதைத்த விதை முளைப்பதற்கு நெடுங்காலம் சென்றது. 6 முதல் 14 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர் அனைவர்க்கும் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கும் சட்டம், 2009ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

கடல் கடந்த தமிழர்க்கு உதவி

கோகலேயின் அன்பு நாட்டின் எல்லையோடு நின்றுவிடவில்லை. தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலில் கரும்புத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் நம் நாட்டு ஏழைகள் ஒப்பந்தக் கூலிகளாய்க் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் தமிழரும் தெலுங்கரும் பெருந்தொகையினர். ஒப்பந்தம் முடிந்தபின் அங்கே தங்குவோர் ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி செலுத்தல் வேண்டும். வயிற்றுக்கே போதாத கூலி பெற்றவர்க்கு அவ்வரி கழுத்தில் இட்ட சுருக்காயிற்று. கோகலே 1910ஆம் ஆண்டில் சட்டமன்றத்தில் கொணர்ந்த தீர்மானத்தின் பயனாக, நேட்டாலுக்குக் கூலிகளை அனுப்புதல் 1911இல் நிறுத்தப்பட்டது.

1912ஆம் ஆண்டு அக்டோபரில் அவரே தென்னாப்பிரிக்கா சென்றார். அங்கே இந்தியர்தம் உரிமைக்குப் போராடி வந்த காந்தியடிகள் அவரை வரவேற்று, உடன் சென்று, பணிவிடைகள் அனைத்தையும் செய்தார். கோகலே தம் குரு ரானடே அளித்த மேலாடை ஒன்றனைக் கண்ணெனக் காத்து வந்தார். ஜோகானஸ்பர்க் விருந்துக்கு அதனை அணிந்து செல்ல விரும்பியபோது, அதன் சுருக்கங்களைக் காந்தியடிகளே தம் கையால் தேய்த்து மடித்துக் கொடுத்தார். உடல் நலிந்திருந்தும் கோகலே நான்கு வாரம் பல ஊர்களுக்குச் சென்று தொழிலாளரின் குறைகளைக் கேட்டார். அந்நாட்டு அமைச்சரிடம் வாதாடினார். தலைவரி நீங்கும் என்னும் நம்பிக்கையோடு திரும்பினார். அந்நம்பிக்கை பொய்த்தபோது, 1913ஆம் ஆண்டில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து சிறை புகுந்தனர். கோகலே நோய்ப்படுக்கையிலிருந்தும் எழுந்து, அவர்களுக்காக இந்தியா முழுவதும் நிதி திரட்டினார். 1914ஆம் ஆண்டில் அவ்வரி நீக்கப்பட்டது. சட்டமன்றத்தில் வாதாடியவரும், சிறை புகுந்த தொழிலாளரும் ஒரே வெற்றிக்கு வெவ்வேறு வழியில் உழைத்தனர்.

மறைவு

அவ்வாண்டில் ஆங்கில அரசாங்கத்தார் கோகலேக்குச் சர் பட்டம் அளிக்க முன்வந்தனர். அவர் அதனை ஏற்கவில்லை. 1915ஆம் ஆண்டு ஜனவரியில் காந்தியடிகள் தாயகம் திரும்பினார். அவருடைய கருத்துகள் பலவற்றைக் கோகலே ஒப்புக்கொண்டாரல்லர். ஆயினும், ஓராண்டுக்காலம் நாட்டைச் சுற்றிப் பார்த்தபின்னரே பொதுச்செய்திகள் பற்றிப் பேசுதல் வேண்டும் என்று அன்போடு அறிவுரை கூறினார். கருத்து வேறுபட்ட அவரையே காந்தியடிகள் தம் அரசியல் குருவாக வாழ்நாள் முழுவதும் போற்றினார்.

நீரிழிவு நோயும் ஓயாத உழைப்பும் கோகலேயின் உடலை அரித்தன. 1915ஆம் ஆண்டு பிப்ரவரி திங்கள் 19ஆம் நாள், தம் நாற்பத்தெட்டாம் வயதில் அவர் பூனாவில் உயிர் நீத்தார். அப்போது திலகர் நகருக்கு வெளியே சிங்கக்கோட்டையில் தங்கியிருந்தார். மாண்டலேயில் ஆறாண்டுச் சிறைவாசம் முடித்து அவர் மீண்டு ஓராண்டும் நிறையவில்லை. செய்தி கேட்டதும் அவர் விரைந்து வந்தார். சுடுகாட்டில் கூடியிருந்தோரிடையே நின்று பேசினார். இருபத்தைந்து ஆண்டுக்காலம் தம்மோடு மாறுபட்டு நின்றவரை நாட்டின் மணி என்று புகழ்ந்து, இளைஞர் அவரைப் பின்பற்றல் வேண்டும் என்று கூறினார். அப்புகழுரை கோகலேக்கு எத்துணைப் பெருமையோ, அத்துணைப் பெருமை திலகர்க்கும் உண்டு.

நாட்டுப்பற்று யாது என்பதற்குத் திலகர் ஒரு விடை தந்தார். கோகலே வேறு விடை தந்தார். காந்தியடிகள் பின்னர் மற்றொரு விடை தந்தார். எவ்விடை சிறந்தது என்று ஆராய்தல் அறிஞர்க்கு இன்றும் வேலையாகும். ஆயின், ஒரு விடை கூறியவர் மற்றொரு விடை கூறியவரை நாட்டுக்குப் பகைவராய் எண்ணுதல் தகாது என்பதனை அச்சுடுகாட்டு நிகழ்ச்சி காட்டும். தம் நலத்தை நாட்டுக்கு முன் வைக்காமை, உண்மை அறிந்து பேசுதல், சான்றில்லாததைப் புகழுக்காகப் பற்றாமை, தோற்கும் என்று தெரிந்தும் நற்செயலைத் தொடங்குதல் ஆகியவற்றைக் கோகலேயின் வாழ்வில் காண்கிறோம். மாணவர்கள் எந்நெறியைப் பின்னாளில் தேர்ந்தாலும், இப்பண்புகளைத் துணையாகக் கொள்வாராயின், அவர்தம் நாட்டுப்பற்று மெய்யான பற்றாக விளங்கும்.